இமையோரத்து நெய்

கண்ணைப் பாடாத புலவர் நம் நாட்டில் இல்லை. ஆனால் அந்தக் கண்ணை நாள் முழுவதும் திறந்தும் மூடியும் காத்து நிற்கிற இமைக்கு, ‘கண்ணை இமை காப்பதுபோல’ என்று போகிற போக்கில் ஓர் உவமையைக் கொடுத்ததோடு அவர்களுடைய சிரத்தை தீர்ந்துபோயிற்று என்றே தோன்றுகிறது. புராணக்காரர்கள் கொஞ்சம் தாராளமாக இருந்தார்கள்; சரீரத்தை இழந்த நிமிச் சக்கரவர்த்தி ஜீவராசிகளின் இமைகளிலே வாசம் செய்யலானார் என்று ஒரு கதை சொல்லிவைத்தார்கள். இமையிலே யார் குடியிருக்கிறார்கள் என்ற விசாரம் எனக்கோ ஐம்பத்தெட்டு வயது வரையில் எழுந்ததில்லை.

நாற்பது வருஷமாக அச்சகங்களுக்குப் ப்ரூஃப் திருத்திக் கொடுத்து ஜீவனம் செய்கிறவன் நான். கண்தான் எனக்குக் கைமுதல். அந்தக் கைமுதலில் குறை விழுந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. ‘மணமகன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘மணமகள்’ என்று இருந்ததை நான் காணாமல் விட்டு, முந்நூறு பிரதியும் அச்சாகி, பெண்ணின் தகப்பனார் கையில் ஒரு பிரதியோடு வாசலில் வந்து நின்றபோது, அவருக்குச் சமாதானமாகாவிட்டாலும் உண்மையான காரணம் ஒன்று என்னிடம் இருந்தது. சில மாதங்களாகவே எழுத்துக்கள் பனிமூட்டத்தில் நிற்பவைபோல மங்குவதும், நாலு தரம் கண்ணைக் கொட்டினால் தெளிவதும், தெளிந்த சற்றைக்கெல்லாம் மறுபடி மங்குவதுமாக இருந்தன. விடியற்காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரங்கள் சிவந்து, தினவெடுத்து, மணல் விழுந்தாற்போல உறுத்தும். கசக்கினால் அந்தக் க்ஷணத்துக்குச் சுகமாகவும், பிறகு இருமடங்கு எரிச்சலாகவும் இருக்கும்.

பக்கத்து வீட்டார் ‘மெட்ராஸ் ஐ’ என்று பயந்து குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். உடம்புச் சூடு என்றார் ஒருவர். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார் இன்னொருவர். தெருமுனை மருந்துக்கடையில் சீட்டு ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்த சொட்டு மருந்தோ, இரண்டே நாளில் சிவப்பை மாயமாக்கிவிட்டது. புட்டி தீர்ந்த வாரம் சிவப்பு திரும்பி வந்தது. நான் இன்னொரு புட்டி வாங்கினேன். இப்படி நாலு புட்டி.

கண் வைத்தியரான அம்மையார் எனக்கு மகள் வயதினர். முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கின் ஒளியை மெல்லிய கீற்றாகக் கண்ணில் பாய்ச்சிப் பார்த்தவர், முதலில் கேட்டது அந்தப் புட்டிகளைத்தான். அதில் இருந்தது ஸ்டீராய்டு என்றும், வைத்தியர் மேற்பார்வையில் சில நாளுக்கு மட்டும் விடவேண்டியதை இப்படித் தன்னிச்சையாக விட்டுவந்தால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே பறிபோகக்கூடும் என்றும், புரையும் விழலாம் என்றும் அவர் சொன்ன பிறகு, எனக்கு இமையின் உபத்திரவம் அற்பமாகத் தோன்றிற்று. நல்ல வேளை, அழுத்தம் ஏறியிருக்கவில்லை.

பிறகு கீழிமையைப் பஞ்சு சுற்றிய குச்சியால் சற்று அழுத்தி, அங்கே நடந்ததைத் திரையில் எனக்கே காட்டினார். இமையின் விளிம்பில், மயிர்க்கால்களுக்கு உட்புறமாக, ஊசிமுனை போன்ற வாய்கள் வரிசையாக இருக்கின்றன. அழுத்தியதும் அவற்றிலிருந்து மஞ்சளாக ஏதோ ஒன்று, இடியாப்ப அச்சிலிருந்து மாவு வருவதுபோல, வர மனமில்லாமல் வந்தது. மேலிமையில் ஏறக்குறைய முப்பதாகவும், கீழிமையில் அதைவிடச் சிலது குறைவாகவும் இருக்கும் இந்தச் சுரப்பிகளை, 1666-ஆம் வருஷத்தில் விரிவாக வர்ணித்த ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானிய வைத்தியரின் பெயரால் ‘மைபோமியன் சுரப்பிகள்’ என்கிறார்கள். தெளிந்த எண்ணெயாக ஊறவேண்டிய சரக்கு என்னிடத்தில் கட்டிப்பட்டுக் கிடந்தது. அந்த எண்ணெய் கண்ணீரின்மேல் மெல்லிய படலமாகப் பரவி நின்றால்தான் கண்ணீர் ஆவியாகாமல் தங்கும். படலம் கெட்டால், கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருக்கும்போதே கண் உலர்ந்து காயும். எழுத்து மங்கித் தெளிந்த மர்மம் அதுதான்.

இதிலே என் தொழிலுக்கும் பங்கு உண்டாம். கண் கொட்டாமல் படிக்கிறவன் என்று பெயரெடுத்தவன் நான். ஒவ்வொரு முறை இமைகள் முழுதாகச் சேர்ந்து பிரியும்போதும் சுரப்பியிலிருந்து துளி எண்ணெய் பிதுங்குகிறது என்பதால், கொட்டாத கண்ணுக்கு எண்ணெய் கிடையாது. தேவர்களுக்கு அநிமிஷர், அதாவது இமையாதவர், என்று பெயர். அவர்கள் ப்ரூஃப் பார்ப்பதில்லை.

மயிர்க்கால்களின் அடியில் மோதிரம் மாட்டினாற்போல வெள்ளைச் செதிள்கள் இருந்தன. அவற்றைக் காட்டி, இங்கே டெமோடெக்ஸ் குடியிருக்கிறது என்றார் வைத்தியர். சிலந்திக்கும் உண்ணிக்கும் தாயாதியான எட்டுக்கால் பிராணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம். ஆயுசு இரண்டு மூன்று வாரம். பகலில் மயிர்க்குழியில் பதுங்கி, இரவில் வெளிவந்து உலாவும். வயதானவர்களில் பெரும்பாலோரிடம் உண்டு, தொகை பெருத்தால்தான் தொல்லை என்று அவர் தேற்றினாலும், சக்கரவர்த்தி வாசம் செய்வதாகப் புராணம் சொன்ன ஸ்தலத்தில் இந்தக் குடித்தனத்தைக் கண்டது எனக்குச் சங்கடமாகவே இருந்தது.

“இது குணமாகிவிடுமா, அம்மா?” என்று கேட்டேன்.

“தினமும் பல் தேய்க்கிறீர்களே, ஐயா, அது எதைக் குணமாக்க?” என்றார்.

அவர் விதித்த கிரமத்தில் பிரமாதமான மருந்து ஒன்றும் இல்லை. சில மாதத்துக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை, கண்ணீருக்குப் பதிலாக ஒரு சொட்டு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் கைவேலை. மார்கழிக் காலையில் உறைந்துபோன தேங்காயெண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் வருமா? வெயிலில் வைத்தால் தானே இளகுகிறது. கெட்டுப்போன இமை எண்ணெயும் அப்படித்தான். சாதாரண உடம்புச் சூட்டுக்கு இளகாமல் இன்னும் சில டிகிரி கேட்கிறது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். அதில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய கண்மேல் வைத்து, இரண்டு நிமிஷத்தில் அது ஆறிவிடுகிறதாகையால் திரும்பத் திரும்ப நனைத்து, பத்து நிமிஷம் ஒத்தடம். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரலால் மெதுவாக நீவவேண்டும். கடைசியில் குழந்தைகளுக்கான ஷாம்பூவில் ஒரு துளியை வெந்நீரில் கரைத்து, பஞ்சில் தொட்டு, மயிர்க்கால்களின் அடியைத் துடைக்கவேண்டும். ஆரம்பத்தில் காலையும் மாலையும், தணிந்த பிறகு ஒரு வேளை.

முதல் ஒத்தடத்தின்போது என் தாயார் ஞாபகம் வந்தது. கண்ணில் அடிபட்டு அழுதுகொண்டு வந்தால், முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து ஊதி, அந்தச் சூட்டை மூடிய இமையில் ஒற்றுவாள். கண்கட்டி வந்தால் விரலை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றி வைக்கச் சொல்வாள். மைபோமின் பெயர் அவள் காதில் விழுந்ததில்லை.

மூன்று வாரத்தில் மணல் குறைந்தது. இரண்டு மாதத்தில் ‘மணமகன்’, ‘மணமகள்’ பேதம் தெளிவாகத் தெரிந்தது. போன மாதம் ஒரு கிருகப்பிரவேசத்துக்குப் போன ஊரில், சம்பந்தி வீட்டாரிடம் வேளாவேளைக்கு வெந்நீர் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பத்து நாள் விட்டுவிட்டேன். பதினோராம் நாள் இமைகள் ஒட்டிக்கொண்டன.

இப்போது மார்கழி. இன்று காலை வெந்நீர்க் கிண்ணம் வந்தபோது அதற்குள் தேங்காயெண்ணெய்ப் புட்டியும் நின்றுகொண்டிருந்தது. “துணி தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் இதுவும் உருகட்டுமே” என்றாள் என் மனைவி. புட்டியை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டுத் துணியை நனைத்தேன்.