முக்கண் கணபதியும் ரந்தம்போர்ப் புலிகளும்

விநாயகப் பெருமானுக்கு நெற்றிக்கண் உண்டு என்றால் நம் பக்கத்து அன்பர்களில் பலர் சற்றே வியப்படைவர். தந்தைக்குரிய முக்கண் மைந்தனுக்கும் வாய்த்த அபூர்வத் திருக்கோலத்தில் அவர் எழுந்தருளியுள்ள தலம், ராஜஸ்தான் மாநிலம் சவாய் மாதோபூர் மாவட்டத்தில் உள்ள ரந்தம்போர் கோட்டை. ‘திரிநேத்ர கணேஷ்’ என்பது அங்கு வழங்கும் திருநாமம். கோட்டை நிற்கும் குன்றைச் சுற்றிலும் இருப்பது புலிகள் வாழும் வனம். ஆலயத்துக்குச் செல்லும் பாதையும் அந்த வனத்தின் ஊடாகவே போகிறது. புலியின் வீட்டு வாசலைத் தாண்டாமல் இந்தப் பிள்ளையாரைத் தரிசிக்க இயலாது.

2024 டிசம்பர் இறுதியில், பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையில், நானும் என் மனைவியும், மைத்துனர் தம்பதியரும், அவர்களுடைய பேரனுமாக ஐவர் அங்குச் சென்று மூன்று நாட்கள் தங்கினோம். காட்டில் புலியைக் காண வேண்டும் என்பது பன்னிரண்டு வயதுப் பேரனின் நெடுநாள் ஆசை. பெரியவர்களுக்குக் கணபதி தரிசனம். ஒரே பயணச் செலவில் இரண்டும் நிறைவேறும் என்று திட்டம் வகுத்தவன் அடியேன். பணி ஓய்வு பெற்றாலும் வங்கிப் புத்தி ஓய்வு பெறுவதில்லை.

தலத்தின் ஐதீகம் சுவையானது. சௌகான் மரபைச் சேர்ந்த ஹம்மீரதேவர் இக்கோட்டையை ஆண்ட காலத்தில், டில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் படை வந்து முற்றுகையிட்டது. முற்றுகை நீண்டது, கோட்டைக் களஞ்சியங்கள் வற்றத் தொடங்கின. கணபதி பக்தரான மன்னர் கவலையோடு உறங்கச் சென்ற இரவில் பெருமான் கனவில் தோன்றி, துன்பம் தீரும் என்று அருளினாராம். விடிந்ததும் கோட்டைச் சுவரில் மூன்று கண்களுடன் கூடிய திருமேனி வெளிப்பட்டிருந்தது என்றும், களஞ்சியங்கள் நிரம்பியிருந்தன என்றும் சொல்கிறார்கள். மன்னர் அவ்விடத்திலேயே ஆலயம் எழுப்பினார். வரலாறு அறிந்தவர்கள், 1301-இல் கோட்டை சுல்தான் வசமானதே என்று கேட்கக் கூடும். உண்மைதான். கோட்டை பிற்பாடு பலர் கைக்கு மாறியது. அக்பரும் பிடித்தார், ஜெய்ப்பூர் மன்னர்களும் ஆண்டார்கள். பிள்ளையார் மட்டும் இடம் மாறவில்லை.

இரண்டாம் நாள் காலை கோட்டை ஏறினோம். நௌலக்கா, ஹாத்தி, கணேஷ், அந்தேரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் வருகின்றன. எதிரியின் யானைப்படை ஒரே ஓட்டமாக வந்து மோதாதபடி வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த வளைவுகள் முதியோருக்கு ஒரு வகையில் உபகாரம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மேலே சென்றால் முப்பத்திரண்டு தூண்கள் கொண்ட மண்டபம், சிவாலயம், ராமர் ஆலயம், ஜைன ஆலயம் எல்லாம் உண்டு. ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது அவற்றுள் ரந்தம்போரும் இடம்பெற்றது.

நம் ஊர்க் கருங்கல் திருமேனியை எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு இங்குள்ள மூர்த்தம் வேறுபட்டுத் தோன்றும். செந்தூரம் பூசிய திருமுகமே பிரதானம். சித்தி, ரித்தி ஆகிய தேவியரும், சுபம், லாபம் என்னும் இரு புதல்வர்களும் உடன் இருக்கின்றனர். நம்மிடையே பிரம்மச்சாரியாக ஆற்றங்கரையில் அமர்ந்திருப்பவர் இங்கே முழுக் குடும்பஸ்தர். அதனால்தானோ என்னவோ, திருமணம் நிச்சயமான வீட்டார் முதல் அழைப்பிதழை இவருக்கே அனுப்புகிறார்கள். நேரில் வர இயலாதவர்கள் தபாலில் சேர்க்கிறார்கள். ‘ஸ்ரீ கணேஷ்ஜி, ரந்தம்போர் கோட்டை’ என்று முகவரி எழுதினால் போதும், தபால்காரர் மலையேறிக் கொண்டுவந்து தருகிறார். அர்ச்சகர் அவற்றைப் பெருமான் திருமுன் வாசித்துச் சமர்ப்பிக்கிறார். நாங்கள் சென்ற அன்றும் சந்நிதியில் மஞ்சள் தடவிய உறைகள் குவிந்திருந்தன. சபரிமலை ஐயப்பனுக்கெனத் தனி அஞ்சல் குறியீட்டு எண் இருப்பதை அறிந்த நமக்கு இது புதுமையாகப் படாவிட்டாலும், கண்ணால் காணும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

தரிசனம் முடித்துப் படி இறங்கும்போது நடந்தது சிறிய சம்பவம். ஆயினும் அதை எழுதியாக வேண்டும். கோட்டைப் பாதை நெடுகக் கருமுகமும் நீண்ட வாலும் கொண்ட மந்திகள் அமர்ந்திருக்கும். அனுமனின் வம்சம் என்று வடநாட்டார் அவற்றைக் கைதொழுவார்கள். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடலையை எடுத்து அவற்றுக்கு இடத் தொடங்கினார். வனக்காவலர் ஒருவர் ஓடி வந்து, “மாஜி, வேண்டாம். காட்டில் அவற்றுக்கு வேண்டிய இலையும் பழமும் இருக்கின்றன” என்று கைகூப்பித் தடுத்தார். அம்மையாருக்கு வருத்தம். “பசித்த ஜீவனுக்கு ஒரு பிடி கடலை தருவது பாவமா, பேட்டா?” என்று கேட்டார். காவலரிடம் மறுமொழி இல்லை. மறுபடியும் கைகூப்பினார், அவ்வளவுதான். என் மனைவி நெடுநேரம் அந்த அம்மையார் பக்கமே பேசிக்கொண்டு வந்தாள்.

வனத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஜெய்ப்பூர் மன்னர்களின் வேட்டைக்காடாக இருந்த இடம் இது. 1955-இல் சரணாலயமாயிற்று. ஆனால் வேட்டை உடனே நின்றுவிடவில்லை. 1961-இல் பிரிட்டிஷ் அரசியார் எலிசபெத் வந்தபோது அவருடைய கணவர் இங்கே ஒரு புலியைச் சுட்டு வீழ்த்தினார். 1972 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் எஞ்சியவை 1827 புலிகளே என்று தெரியவந்ததும், அடுத்த ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்திலேயே அதில் சேர்க்கப்பட்ட காடுகளுள் ரந்தம்போர் ஒன்று. 1980-இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. காட்டினுள் இருந்த கிராமங்கள் சில வெளியே குடியமர்த்தப்பட்டன. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணை விட்டு அம்மக்கள் வெளியேறியதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் 3682 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கணக்கு என்றதும் எனக்குச் சரிஸ்கா நினைவுக்கு வருகிறது. அதே ராஜஸ்தானில் உள்ள அக்காட்டில் புலிகள் இருப்பதாக ஆண்டுதோறும் ஏட்டில் எழுதி வந்தார்கள். 2005-இல் நேரில் சரிபார்த்தபோது ஒன்றுகூட இல்லை. யாவும் திருட்டு வேட்டைக்கு இரையாகியிருந்தன. பேரேட்டில் இருப்பு, பெட்டகத்தில் வெறுமை! வங்கியில் இருந்தவர்களுக்கு இதன் அதிர்ச்சி நன்கு விளங்கும். பின்னர் 2008-இல் ரந்தம்போரிலிருந்து புலிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்று அங்கே விட்டு, வம்சத்தை மீட்டார்கள்.

முதல் நாள் பிற்பகல் கானகப் பயணத்தில் எங்களுக்குப் புலி தென்படவில்லை. இருபது பேர் அமரும் ‘கேன்டர்’ என்னும் திறந்த வண்டியில் மூன்றரை மணி நேரம் குலுங்கியதுதான் மிச்சம் என்று மைத்துனர் குறைப்பட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. தோக் மரங்கள் பனிக்காலத்தில் இலை பழுத்து நிற்க, பதம் தலாவ் ஏரிக்கரையில் கடமான்கள் முழங்காலளவு நீரில் இறங்கிப் பாசி மேய்ந்துகொண்டிருந்தன. சற்றுத் தள்ளி முதலை வெயில் காய்ந்தது. மயில்கள் நம் வீட்டுக் கோழிகளைப் போல் சர்வ சாதாரணமாகத் திரிந்தன. ஏரியின் மறுகரையில் பழைய ஜோகி மகாலும், அதன் அருகே விழுதூன்றிப் பரந்த ஆலமரமும் தெரிந்தன.

புலியைத் தேடுவது கண்ணால் அன்று, காதால் என்பதை அங்குதான் கற்றோம். மரத்தின் உச்சியிலிருந்து மந்தி இருமுவது போல் குரல் கொடுக்கும். புள்ளிமான் கூர்மையாகக் கூவும். இவ்விரண்டும் சில சமயம் வீண் பதற்றமாக இருக்கலாம். கடமான் அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பினால் புலி நடமாடுகிறது என்று பெரும்பாலும் உறுதியாக நம்பலாமாம். வண்டியை நிறுத்தி, இருபது பேரும் மூச்சடக்கிக் காத்திருந்த அந்த அமைதியை நான் எந்தச் சந்நிதியிலும் கண்டதில்லை.

தமிழ்நாட்டுப் பக்தருக்குப் புலியும் இறைவனும் அந்நியமல்லர். மரமேறி வண்டு தீண்டா மலர் பறிக்க வேண்டும் என்பதற்காகப் புலிக்கால் வரம் கேட்டவர் வியாக்கிரபாதர். அவர் வழிபட்டதால் தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். பேரனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். “அப்படியென்றால் புலிக்கு மரம் ஏறத் தெரியுமா, தாத்தா?” என்று கேட்டான். தெரியும், உடல் கனத்த பிறகு ஏறுவதில்லை என்று வழிகாட்டி விடை சொன்னார்.

மூன்றாம் நாள் விடியற்காலை. உறையவைக்கும் குளிர்; போர்வையையும் மீறி எலும்பைத் தொட்டது. ராஜ்பாக் ஏரியருகே கடமான் குரல் கேட்டது. வண்டி நின்றது. புற்களுக்கிடையே செம்பொன் நிறத்தில் ஏதோ அசைந்தது. அடுத்த கணம் ஒரு பெண்புலி பாதையின் மீது வந்து நின்றாள். எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நிதானமாக, சற்றே தளர்ந்த நடையில் பாதையைக் கடந்து, இடிந்த மண்டபத்தின் பக்கம் சென்று மறைந்தாள். ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் இருக்கும். என் மனைவியின் கைகள் தாமாகவே குவிந்திருந்தன.

அவள் பெயர் ஏரோஹெட் என்றார் வழிகாட்டி. மச்சிலியின் பேத்தி. மச்சிலி யாரென்று ராஜஸ்தானில் சிறு பிள்ளைகளும் சொல்லும். கன்னத்தில் மீன் வடிவ வரி இருந்ததால் வந்த பெயர். பெரிய முதலையோடு போராடி வென்றவள்; முதுமையில் பற்களும் ஒரு கண்ணின் பார்வையும் போன பின்னும் பல காலம் வாழ்ந்தவள். அஞ்சல் தலையில் இடம்பெற்றவள். 2016 ஆகஸ்டில் அவள் மறைந்தபோது மாலை சூட்டி, இந்து முறைப்படி எரியூட்டினார்கள்.

நாங்கள் ஊர் திரும்பி ஏறக்குறைய நான்கு மாதங்கள் சென்றிருக்கும். வடநாட்டில் பிள்ளையாருக்கு உகந்த நாள் புதன்கிழமை. 2025 ஏப்ரல் 16, அத்தகைய ஒரு புதனன்று, பாட்டியோடு திரிநேத்ர கணபதியைத் தரிசித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனைப் புலி ஒன்று கவ்விச் சென்றது. குழந்தை பிழைக்கவில்லை. நாங்கள் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்த அதே பாதை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அன்று முழுவதும் என் மனைவி பேசவில்லை. சில நாட்கள் கோயில் பாதை மூடப்பட்டது. மே மாதம் ஒரு வனச்சரகரும், ஜூன் மாதம் கோட்டையிலுள்ள ஜைன ஆலயத்தின் காவலாளியும் அதேபோல் உயிரிழந்தனர்.

காரணமாகச் சொல்லப்பட்டதுதான் என்னை இதை எழுதத் தூண்டியது. ஏரோஹெட்டுக்கு எலும்பில் கட்டி. வேட்டையாட இயலாமல் அவள் மெலிந்ததைக் கண்டு, உயிருள்ள இரையைக் கட்டிவைத்து உண்ணச் செய்திருக்கிறார்கள். உடனிருந்த வளர்ந்த குட்டிகள் தாமே வேட்டை கற்க வேண்டிய வயதில் மனிதர் தரும் இரைக்குப் பழகி, மனிதரைக் கண்டால் ஒதுங்கும் இயல்பை இழந்துவிட்டன என்று வன அறிஞர்கள் கருத்துத் தெரிவித்தனர். குட்டிகளுள் ஒன்றைப் பின்னர் முகுந்தரா மலைக் காட்டுக்கு மாற்றினார்கள். தாய்ப்புலியும் ஜூன் மாதத்திலேயே இறந்தாள். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, அந்த நோயிலும், பாட்டியைப் போலவே ஒரு முதலையை வீழ்த்தினாளாம்.

இரக்கத்தால் செய்த காரியம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பசித்த வாய்க்கு உணவிடுவது தருமம் என்றே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். காக்கைக்குச் சோறிடாமல் நம் வீடுகளில் இலை போடுவதில்லை. ஆயினும் கானக விலங்குக்கு நாம் இடும் ஒரு கவளம், அதற்கும் நமக்கும் நடுவே இருக்க வேண்டிய அச்சத்தைக் கரைத்துவிடுகிறது. அந்த அச்சமே இரு தரப்புக்கும் காவல். மந்திக்கு இடும் கடலையும் புலிக்குக் கட்டும் கன்றும் அளவில் வேறு, விளைவின் தன்மையில் ஒன்றே. படிக்கட்டில் கைகூப்பி நின்ற அந்த வனக்காவலரின் மறுமொழி இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இது வடநாட்டுக்கு மட்டும் உரிய விஷயமன்று. சபரிமலை இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்தில். நெல்லைச் சீமையில் ஆடி அமாவாசைக்கு நாம் கூட்டம் கூட்டமாகச் செல்லும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில். சமைத்த சோற்றின் மிச்சத்தையும் நெகிழிப் பைகளையும் விட்டு வரும்போது, அவற்றை எந்த விலங்கு வந்து முகர்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இரவில் பாதையை அடைத்தாலோ, வாகனங்களைக் குறைத்தாலோ, தெய்வ காரியத்துக்குத் தடையா என்று வனத்துறையோடு வழக்காடுகிறோம். என் கட்சி, அடைக்கட்டும் என்பதே. அர்த்தசாம பூஜைக்குப் பின் நடை சாத்தினால் நாம் கதவைத் தட்டுவதில்லை அல்லவா?

இனி, செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். சவாய் மாதோபூர், டில்லியிலிருந்து மும்பை செல்லும் முக்கிய ரயில் பாதையில் உள்ளது. ஜெய்ப்பூரிலிருந்தும் ரயிலில் வரலாம். காட்டின் முக்கியப் பகுதிகள் அக்டோபர் முதல் ஜூன் வரை திறந்திருக்கும். அரசின் இணையதளத்தில் வெகு முன்னதாகவே பதிவு செய்வது நலம். முதுகுவலி உள்ளவர்களுக்கு ஆறு பேர் அமரும் ஜிப்ஸி வண்டி கேன்டரைவிடச் சற்றுத் தேவலாம். மார்கழி, தை மாதங்களில் கம்பளி ஆடை இரண்டு அடுக்கு வேண்டும். புதன்கிழமையும் விநாயக சதுர்த்தித் திருவிழா நாட்களும் பெருங்கூட்டம். நிதானமாகத் தரிசிக்க வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகளை அழைத்துச் சென்றால், படி ஏறி இறங்கும் நேரம் முழுவதும் பெரியவர்களுக்கு நடுவிலேயே நடக்கச் செய்யுங்கள். கடலைப் பொட்டலத்தை விடுதி அறையிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். படி ஏற இயலாதவர்கள், வீட்டில் கல்யாணம் கூடிவந்தால், ஓர் அழைப்பிதழைத் தபாலில் சேர்த்துவிடலாம்.