ரொட்டிப் பெட்டியும் அதன் நகலும்

இரவு பன்னிரண்டரைக்குத்தான் சமையலறை விளக்கை அணைப்போம். கோப்பை கழுவி, அடுப்புத் தேய்த்து, நிலம் துடைத்து அறைக்கு வந்தால் உடனே நித்திரை வராது. ஜேர்மனியில் ஒரே உணவகம், ஒரே அறை, நாங்கள் மூன்று பேர். எங்களில் ஒருவனுக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடக் கணனிப் படிப்பு இருந்தது. மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

போன மாரியில் பழைய சாமான் சந்தையொன்றில் கொமடோர் 64 ஒன்று வாங்கினோம். 1982இல் வெளிவந்த கணனி. 64 கிலோபைட் நினைவகம். அதன் உருவத்தைப் பார்த்து ஜேர்மன்காரர் வைத்த பட்டப்பெயர் ‘ரொட்டிப் பெட்டி’. விற்ற கிழவர் விளையாட்டு நாடாக்கள் சிலவற்றையும் சேர்த்துத் தந்தார். ஒரு விளையாட்டின் தொடக்கத்தில் கரகரத்த குரலில் யாரோ பேசுவான். அதைக் கைத்தொலைபேசியில் பதிந்து ஊருக்கு அனுப்பிச் சிரித்தோம்.

இரண்டு மாதத்தில் பெட்டி செத்துப்போனது. இந்தக் கணனியின் மின்வழங்கிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அது பழுதானால் 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் கூடுதலாக அனுப்பி, சில்லுகளைக் கருக்கிவிடும்.

பிறகுதான் மடிக்கணனியில் ‘வைஸ்’ என்ற மென்பொருளை இறக்கினோம். அது பழைய கணனியைப்போல நடிக்கும். நடிப்பது லேசான காரியமல்ல. ஐரோப்பாவில் விற்ற கொமடோரின் செயலி செக்கனுக்கு 985,248 துடிப்புகளில் ஓடியது. திரையில் ஒரு வரி வரைய 63 துடிப்புகள். மொத்தம் 312 வரிகள். எழுத்துகள் வரும் பகுதியில் எட்டு வரிக்கு ஒரு தடவை படச்சில்லு செயலியை நிறுத்திவைத்து, சுமார் 40 துடிப்புகளைத் தான் எடுத்துக்கொள்ளும். பழைய நிரலாளர்கள் இதையெல்லாம் எண்ணி எண்ணி எழுதினார்கள். நகல் அந்த இடத்தில் நிற்காமல் ஓடினால் படம் குலையும். 1996இல் கிறிஸ்ரியான் பவர் என்பவர் இந்தப் படச்சில்லின் நடத்தையைத் துடிப்புத் துடிப்பாக விபரித்து எழுதினார். கணனி எப்படி வேலை செய்திருக்க வேண்டும் என்பதல்ல, எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அதில் இருந்தது.

எங்கள் நகலில் படம் சரியாக வந்தது. குரல்தான் வரவில்லை. காதைக் கிட்ட வைத்தால் கிணற்றடியில் கேட்பதுபோல ஏதோ கேட்டது. செத்த பெட்டியின் மூடியைக் கழற்றிச் சில்லுகளின் இலக்கங்களை வாசித்தோம். படச்சில்லு 6569. ஒலிச்சில்லு 6581. நாங்களோ, பிந்தியது நல்லதுதானே என்று 8580 ஒலிச்சில்லு உள்ள மாதிரியைத் தெரிவுசெய்திருந்தோம்.

விசயம் இதுதான். 6581இல் ஒரு குறை இருந்தது. ஒலியளவை மாற்றினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த டிக்குகளை வேகமாக அடுக்கிப் பேச்சை உண்டாக்கலாம் என்று நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். 8580இல் அந்தக் குறை பெரும்பாலும் திருத்தப்பட்டது. குறை போனதோடு குரலும் அடங்கிப்போனது.

6581 என்று மாற்றினோம். கரகரத்த குரல் வந்தது. இசை மட்டும் இன்னும் கொஞ்சம் வேறாக இருந்தது. 6581இன் வடிகட்டி சில்லுக்குச் சில்லு வேறுபடும். எங்கள் பெட்டிக்கு எங்கள் பெட்டியின் வடிகட்டி. ஊருக்கு அனுப்பிய பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அமைப்பைச் சற்றுச் சற்றாக நகர்த்தி, விடிய மூன்று மணிக்கு ஓரளவு பொருந்தியது என்று படுத்தோம்.

படுத்தபிறகு எங்களில் இளையவன் கேட்டான்: “அண்ணை, அப்ப என்ரை கதையையும் நாங்கள் 8580 ஆக்கிப்போட்டமோ?”

அவனுக்கு அடுத்த மாதம் விசாரணை. முதல் தடவை அவனது வழக்கு மறுக்கப்பட்டது. 2009இல் வன்னியில் தமையனை இழந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. ஒரு இடத்தில் மார்ச் என்றான், இன்னொரு இடத்தில் ஏப்ரல் என்றான். திகதி பொருந்தவில்லை, ஆகவே நம்பமுடியவில்லை என்று எழுதிவிட்டார்கள். பங்கருக்குள் கலண்டர் இருக்கவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதனால் இந்த முறை நாங்களே உட்கார்ந்து அவனுக்கு ஒரு கதையை ஒழுங்குபடுத்திக் கொடுத்திருந்தோம். திகதிகள் வரிசையாக, வசனங்கள் முழுதாக. அவன் அதை வெங்காயம் வெட்டும்போதும் பாடமாக்கிக்கொண்டிருந்தான். பிழை ஒன்றும் இல்லை. கேட்டால் வேறு யாருக்கோ நடந்ததுபோல இருந்தது.

இளையவனுக்கு அன்றிரவு நாங்கள் மறுமொழி சொல்லவில்லை.

திங்கட்கிழமை உணவகம் பூட்டு. எழுதிக்கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு, அவனை அவன்பாட்டில் சொல்லச் சொன்னோம். தமையனின் சறத்தின் நிறத்தில் தொடங்கினான். இடையில் நின்றான். ‘மார்ச்... இல்லை, தெரியாது’ என்றான். பிறகு அழுதான். நாங்கள் திருத்தவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல், ஏன் தெரியாது என்பதையும் சொல் என்றோம். சட்டத்தரணியிடமும் அப்படியே சொல்லப் போகிறோம்.

முடிவு எப்படி வருமோ. கேட்பவர்கள் எந்த மாதிரியைத் தெரிவுசெய்து வைத்துக்கொண்டு கேட்கப்போகிறார்கள் என்பது எங்கள் கையில் இல்லை.