சாலைக் கிணறு

காஞ்சீபுரத்தை அடுத்துப் பாலாற்றங்கரைப் பக்கம் இருக்கிறது செவிலிமேடு. அங்கேயுள்ள சாலைக் கிணற்றைப் பற்றி வைஷ்ணவர்கள் பக்தியோடு பேசுவார்கள். விந்தியக் காட்டில் தனித்து நின்ற இளம் இராமாநுஜரை ஒரு வேடனும் வேடச்சியும் அதுவரை அழைத்து வந்து, தாகத்துக்கு நீர் வாங்கிக் குடித்து, மறைந்து போனார்களாம். வந்தவர்கள் வரதரும் பெருந்தேவித் தாயாருமே என்பது ஐதிகம். எனக்கோ அந்தக் கிணற்றை நினைத்தால், இராமாநுஜரைக் காடு வரை அழைத்துப் போன வாத்தியாரின் ஞாபகந்தான் வருகிறது.

யாதவப் பிரகாசர் சாமான்யப் பண்டிதர் அல்லர். 'வைஜயந்தி' என்னும் சம்ஸ்கிருத நிகண்டு அவர் பெயரால் வழங்குகிறது. ஒருநாள் மாணாக்கர் அவருக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தபோது, சாந்தோக்ய உபநிஷத்தில் ஒரு பதத்துக்குப் பொருள் சொன்னார். பகவானின் கண்ணுக்குக் குரங்கின் பின்புறம் உவமையாயிற்று! மாணாக்கரின் கண்ணீர் குருவின் தொடையில் விழுந்து சுட்டது. சூரியனால் மலர்ந்த தாமரை என்றல்லவா பொருள் கொள்ள வேண்டும் என்றார் சீடர். தூர தேசத்துப் பண்டிதர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் யாதவரே தலையசைத்து ரஸித்திருப்பார். தம்மிடம் பாடம் கேட்ட பிள்ளை சொன்னதுதான் பொறுக்கவில்லை. அசூயைக்கு எப்பொழுதும் பக்கத்து வீடுதான் கண்ணில் படும். கங்கையில் தள்ளிவிடும் எண்ணத்தோடு யாத்திரை கிளம்பினார் என்றும், சிற்றன்னை மகன் கோவிந்தர் எச்சரித்ததனால் இராமாநுஜர் தப்பினார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன.

ஸ்ரீரங்கத்து ஆளவந்தாரும் ஒரு சமயம் காஞ்சிக்கு வந்தார். யாதவரின் சீடர் கூட்டத்தில் இராமாநுஜரைத் தூரத்திலிருந்தே கண்டு பூரித்தார். வரதரிடம் அவருக்காகப் பிரார்த்தித்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் ஊர் திரும்பினார். பாடம் சொல்லிக் கொடுத்தவருக்கு வயிறு எரிகிறது. பார்த்துவிட்டுப் போனவருக்கு வயிறு குளிர்கிறது. விந்தையைப் பாருங்கள்!

"பிறர் வெற்றி என் வெற்றி" என்று வாயால் ஜபித்தால் பொறாமை போய்விடும் என்று நான் நம்பவில்லை. காஞ்சித் தறியில் கோர்வைச் சேலை நெய்யும்போது, கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்திருப்பார். சேலையை நாம் புகழ்ந்தால் அவர் முகமும் மலரும். ஏனெனில் அதில் தம் கையும் இருப்பது அவருக்குத் தெரியும். யாதவரின் கை இராமாநுஜரின் படிப்பில் இல்லையா? அதை அவர் காண வெகு காலம் சென்றது.

முதுமையில், பெற்ற தாய் சொல்லியும் தயங்கித் தயங்கி, கடைசியில் துறவியாகிவிட்ட தம் பழைய மாணாக்கரையே ஆசாரியராக அடைந்தார். கோவிந்த ஜீயர் ஆனார். இராமாநுஜர் அவரைக் கை கட்டி நிற்க வைக்கவில்லை. துறவிகளின் தர்மத்தைப் பற்றி ஒரு நூல் எழுதுங்கள் என்றார். அந்த 'யதிதர்ம ஸமுச்சயம்' அழியாமல் நின்று, 1995-இல் ஆங்கிலத்திலும் அமெரிக்காவில் அச்சாயிற்று. நூலின் தலைப்பிலேயே யாதவப் பிரகாசர் என்ற பெயர் இருக்கிறது.