கமான் பட்டை

ஒண்டிப்புதூர். ஞாயிறு, காலை ஏழரை. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. உள்ளே இரண்டு அம்பாசிடர்கள். முன்னால் கறுப்பு, பின்னால் வெள்ளை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம்.

வெள்ளை, அரசாங்கத்தில் ஓடிய வண்டி. பின் கண்ணாடியில் பழுப்புத் திரை இன்னும் தொங்குகிறது. நம்பர் பிளேட்டில் ஜி எழுத்தைச் சுரண்டிய தழும்பு. கூரையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு ஓட்டை. எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறது. சிவப்பு விளக்கு இருந்த இடம். 2017 மே 1 முதல் விளக்கு கூடாது என்று உத்தரவு. விளக்கு போயிற்று, ஓட்டை தங்கிவிட்டது. அப்புறம் ஏலம்.

கறுப்பு, ஒரு மில் முதலாளியின் வண்டி. மில் மூடியாயிற்று. முதலாளி வீட்டில் விற்றபோது வாங்கியவர் அதே மில்லில் ஃபிட்டராக இருந்தவர். இந்தக் கொட்டகை அவருடையது. கட்டம் போட்ட லுங்கி, கையில்லாத பனியன், காதில் பென்சில்.

கறுப்பு வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. வலது பின்சக்கரத்துக்கு மேலே கை தாராளமாக நுழைகிறது. இடதில் விரல் மாட்டிக்கொள்கிறது.

கொட்டகைச் சுவரில் ஒரு பலகை. ஸ்பேனர், இடுக்கி, சுத்தியல் எல்லாம் ஆணியில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவம் சிவப்புப் பெயின்ட்டில். மில் பழக்கம். ஒரு ஸ்பேனரின் உருவம் மட்டும் இருக்கிறது. ஸ்பேனர் இல்லை.

பேரன் வருகிறான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங், இரண்டாம் வருஷம். கையில் போன். போனில் யாரோ, ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வண்டிக்கு இதே வேலையைப் பத்து நிமிஷத்தில் செய்துகொண்டிருக்கிறார்.

பெரியவர் போனைப் பார்க்கவில்லை. ஜாக்கியை உருட்டுகிறார்.

பேரன் முட்டுக் கொடுக்க இரண்டு செங்கல்லைத் தூக்கி வருகிறான். பெரியவர் வாங்கி வெளியே வைக்கிறார். மூலையிலிருந்து இரும்பு ஸ்டாண்டுகளை எடுத்துத் தருகிறார். தடித்த குழாயை வெட்டி வெல்டு வைத்தவை. வெள்ளை வண்டியின் பின்பக்கம் உயர்கிறது. சக்கரங்கள் அந்தரத்தில் அரைச் சுற்று சுற்றி நிற்கின்றன.

இரண்டு வண்டியும் மேற்கு வங்காளம் உத்தரபாராவில் செய்தவை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து 1958இல் வந்த வண்டி. 2014 மே மாதம் ஆலை நின்றது. நடுவில் இன்ஜின் மாறியது, கிரில் மாறியது, ஸ்டியரிங் மாறியது. பின்னால் மட்டும் கடைசிவரை கமான் பட்டை.

யு போல்ட் நட்டுகள் துருவில் உருவம் இழந்து கிடக்கின்றன. பெரியவர் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறார். பழைய பிஸ்டன் ரிங் டப்பாவில் மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து வைத்திருக்கிறார். கோழி இறகால் தொட்டு ஒவ்வொரு நட்டிலும் விடுகிறார். இறகை டப்பாவின் மேல் குறுக்கே வைக்கிறார். ஸ்டூலில் உட்காருகிறார்.

"அடுத்து என்னங்க அப்புச்சி?"

"ஊறட்டும்."

ஊறுகிறது. காப்பி வருகிறது. பேரன் போனைப் பார்க்கிறான். பெரியவர் நட்டைப் பார்க்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டருகே வந்து நிற்கிறார். கையில் பேப்பர். "புதுசே வாங்கிப் போட்ரலாமுங்களே. உக்கடத்துல கெடைக்காததா?" பெரியவர் சிரிக்கிறார். அதுதான் பதில். பக்கத்து வீட்டுக்காரர் போகவில்லை. அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை.

பேரன் 14 ஸ்பேனரோடு குனிகிறான். நுழையவில்லை. 15 எடுக்கிறான். நுழைகிறது, ஆனால் ஆடுகிறது. ஒரு இழுப்பு இழுத்தால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறார். பலகையிலிருந்து 9/16 வருகிறது. கச்சிதமாக உட்காருகிறது. இங்கிலீஷ்காரன் போட்ட நட்டு அங்குலத்தில்தான் கழலும்.

முதல் நட்டு கீச்சென்று கத்திவிட்டு விடுகிறது. இரண்டாவது வருகிறது. மூன்றாவது வரவில்லை. மறுபடியும் இறகு. மறுபடியும் ஸ்டூல்.

பத்தரைக்கு வெள்ளை வண்டியின் இரண்டு பட்டைக் கட்டும் சாக்கின் மேல் கிடக்கின்றன. முன்பக்கத்துக் கண்ணில் சாக்பீஸால் அம்புக்குறி. இது எந்தப் பக்கத்தது என்று எழுதிய சிகரெட் அட்டை கம்பியில் தொங்குகிறது. ஒன்றில் 'வ', ஒன்றில் 'இ'.

பெரியவர் ஒரு கட்டை வைஸில் பிடிக்கிறார். சென்டர் போல்ட்டின் இரண்டு பக்கமும் ஜி கிளாம்ப் போடுகிறார். போல்ட்டைக் கழற்றுகிறார். கிளாம்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறார். இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. பேரனை இடது கையால் பின்னுக்குத் தள்ளி நிறுத்துகிறார். அவசரமாக விட்டால் பட்டை ஆளை அடிக்கும். பட்டைகள் மெல்லப் பெருமூச்சு விட்டு ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. நடுவிலிருந்து துரு பொடியாகக் கொட்டுகிறது. கூடவே காய்ந்த சேறு, ஒரு புளியங்கொட்டை.

சாக்கில் உயர வரிசையில் படுத்திருக்கின்றன, குடும்பப் போட்டோவில் நிற்பதுபோல. மெயின் பட்டைக்கு இரண்டு முனையிலும் கண். மற்றதற்குக் கண் இல்லை.

பேரன் தேய்க்கிறான். பெரியவர் விரலால் தடவிப் பார்க்கிறார். கீழ்ப் பட்டையின் நுனி உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் பார்க்கிறார். விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்க்கிறார். கிராஃபைட் கிரீஸ் பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புது சென்டர் போல்ட் போட்டு இறுக்குகிறார். அடுத்த கட்டும் அதேபோல். அதே வரிசை, அதே இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று.

பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நூல். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு இழுத்துப் பிடிக்கிறான் பேரன். பெரியவர் இரும்பு ஸ்கேலை நடுவில் நிறுத்தி வளைவின் ஆழம் பார்க்கிறார். முதலில் 'வ'. அப்புறம் 'இ'. மறுபடியும் 'வ'. காதிலிருந்து பென்சில் இறங்குகிறது. தூணில் இரண்டு எண் ஏறுகிறது.

ஆறு நூல் வித்தியாசம். முக்கால் அங்குலம். 'இ' தட்டையாகியிருக்கிறது.

"இதும் எடப்பக்கமேதான் அமுங்கியிருக்குதுங்க அப்புச்சி."

"ஆபீசர் எங்க உக்காருவாரு?"

பேரன் பழுப்புத் திரையைப் பார்க்கிறான். "பின்னாடி. எடப்பக்கமுங்க."

"மொதலாளி?"

பேரன் கறுப்பு வண்டியைப் பார்க்கிறான். சிரித்துவிடுகிறான்.

பெரியவர் சிரிக்கவில்லை. சிகரெட் அட்டை இரண்டையும் அவிழ்த்து மாற்றிக் கட்டுகிறார். வெள்ளையின் வலது, கறுப்பின் இடதுக்கு. வெள்ளையின் இடது, கறுப்பின் வலதுக்கு. அம்புக்குறியைத் தொடவில்லை. முன்கண் முன்னால்தான் போக வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குள் கறுப்பு வண்டியின் பட்டைகளும் இறங்கிவிடுகின்றன. இடப்பக்கத்து மெயின் பட்டை கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. வளைந்ததற்கான அடையாளம் நுனியில் மட்டும்.

சாப்பாட்டுக்குப் பின் ரப்பர் புஷ். புதுசு. பேரன் கிரீஸ் டப்பாவை நீட்டுகிறான். பெரியவர் மூடி வைத்துவிட்டு, துணி துவைக்கும் சோப்பை மக்கில் கரைத்துக் கொண்டுவரச் சொல்கிறார். கிரீஸ் ரப்பரைத் தின்னும். சோப்பு நுழைய விட்டுவிட்டுக் காய்ந்துவிடும். புஷ் வழுக்கிக்கொண்டு கண்ணுக்குள் போகிறது.

பட்டை ஏறுகிறது. முன்கண்ணில் போல்ட். பின்கண்ணில் ஷாக்கிள். ஜாக்கியால் ஆக்ஸிலை இறக்குகிறார்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் தட்டின் குழியில் உட்கார வேண்டும். உட்காரவில்லை. குழி அங்கே, தலை இங்கே.

பெரியவர் வண்டிக்கு அடியில். வெளியே தெரிவது இரண்டு பாதங்கள். ஒன்றில் மருதாணி வைத்த பெருவிரல், நகச்சுத்திக்கு.

பேரன் கடப்பாரையை வைத்து நெம்புகிறான்.

"பின்னாடி தள்ளு கண்ணு. ரெண்டு நூல்."

நெம்புகிறான்.

"போதும், போதும். ஒரு நூல் முன்ன."

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ். கவனிக்கவில்லை.

"இன்னும் அரை நூல்."

டொக்.

பாதங்கள் அசைகின்றன. யு போல்ட் மாட்டுகிறார். நாலு நட்டையும் மூலைக்கு மூலை, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக.

வலப்பக்கமும் முடிகிறது. அங்கே ஒரே நெம்பில் டொக்.

பேரன் ஷாக்கிள் நட்டில் ஸ்பேனரை வைத்து முழுப் பலத்தோடு இழுக்கப் போகிறான். அடியிலிருந்து கை நீண்டு ஸ்பேனரைப் பிடிக்கிறது. கண் போல்ட்டும் ஷாக்கிளும் கையிறுக்கத்தில் போதும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். முதலில் வண்டி தன் எடையில் நிற்க வேண்டும்.

சக்கரம் மாட்டுகிறது. ஸ்டாண்டுகள் விலகுகின்றன. ஜாக்கி இறங்குகிறது. வண்டி ஒரு முனகலோடு தரைக்கு வருகிறது. பேரன் டிக்கியைப் பிடித்து அழுத்துகிறான். ஒருமுறை, இருமுறை. பக்கத்து வீட்டுக்காரரும் அழுத்துகிறார். பெரியவர் மறுபடியும் அடியில் போய், விட்டுவைத்த நட்டுகளை இறுக்கிவிட்டு வருகிறார்.

ஸ்கேல். இடது. வலது. தூணில் பழைய எண்ணுக்குக் கீழே புது எண். ஒரு நூல் வித்தியாசம். இடப்பக்கம் உயரம்.

நாலு மணிக்குக் கொல்லர் வருகிறார். கறுப்பு வண்டியின் பழைய பட்டைகளைப் புரட்டுகிறார். மெயின் பட்டையைச் சுத்தியலால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்கிறார். நல்ல எஃகு. திருப்பாச்சேத்தி அரிவாளும் இப்படிப்பட்ட பட்டையில் அடிப்பதுதான். ஒரு பட்டையில் மூன்று கொடுவாள் தேறும் என்கிறார். ஒன்று இந்த வீட்டுக்கு. மிச்சம் கிலோக் கணக்கு. தராசில் ஏற்றும்போது பெரியவர் மெயின் பட்டையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிறார்.

வெள்ளை வண்டி ஸ்டாண்டின் மேலேயே நிற்கிறது. தூணில், எண்களுக்குப் பக்கத்தில், அடுத்து கழற்ற வேண்டியவை எழுதியிருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸ். வைப்பர் மோட்டார். பின்கதவு கைப்பிடி, இடது.

பெரியவரின் மனைவி மாட்டுக்குப் பருத்திக்கொட்டை தீர்ந்து மூன்று நாள் ஆயிற்று என்கிறார். வண்டி வெளியே எடுக்கப்படுகிறது. இருகூர் ரோட்டில் ஸ்பீட் பிரேக்கர் மேல் ஏறி இறங்குகிறது. பெரியவர் ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டுகிறார். சத்தம் இல்லை. திரும்பி வந்து இன்னொருமுறை ஏற்றி இறக்குகிறார்.

கடையில் 50 கிலோ மூட்டை. டிக்கியில் ஸ்பேர் சக்கரமும் ஜாக்கியும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கடைப்பையன் பின்கதவைத் திறந்து மூட்டையை இடப்பக்கம் தள்ளுகிறான்.

"அங்க வேண்டாம் தம்பி. வலப்பக்கம் வெய்யி."