வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் நம் பிள்ளைகளும்

கருங்கல் வட்டாரத்தில் ஓவியம் என்றவுடன் நம் மக்களின் நினைவுக்கு வருவது போட்டிதான். பங்குத் திருவிழாவாயினும் பள்ளி ஆண்டு விழாவாயினும், பிள்ளைகளை வரிசையாக அமர்த்தி, ஒரு மணி நேரம் அளித்து, முதற்பரிசு இன்னாருக்கு என்று அறிவித்துவிடுகிறோம். அது நல்லதே. ஆயினும் பெருந்துயர் கண்ட குழந்தையின் கையில் வண்ணக்கோலைக் கொடுப்பது முற்றிலும் வேறு காரியம். அங்கே பரிசும் இல்லை, திருத்தமும் இல்லை.

2017 நவம்பர் 30ஆம் நாள் நம் கரையைத் தாக்கிய ஒக்கிப் புயலை நாம் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு, அப்புயலில் தந்தையைப் பறிகொடுத்த ஒரு சிறுவனின் தாய் என்னிடம் வந்தார். "ஃபாதர், இவன் எப்பவும் கவுந்த வள்ளத்தையே வரையிறான். நோட்டைப் பிடுங்கி ஒளிச்சு வச்சிட்டேன்" என்றார். மகன் துயரத்தை மறக்க வேண்டும் என்பதே அந்த அன்புள்ள தாயின் ஆவல். ஆனால் பேசாத பிள்ளைக்கு இருந்த ஒரே வாய் அந்த நோட்டு. அதைத் திருப்பிக் கொடுக்கும்படி வேண்டினேன்.

அச்சம் மிகுந்த நிகழ்ச்சி குழந்தையின் உள்ளத்தில் பெரும்பாலும் ஒழுங்கான கதையாகப் பதிவதில்லை. காட்சியாகவும் ஓசையாகவும் வாடையாகவும் துண்டு துண்டாய்த் தங்கிவிடுகிறது. அதைச் சொல்லப் பிள்ளையிடம் சொற்கள் இல்லை. வரையும்போதோ, உள்ளே இருந்தது வெளியே வந்து கைக்கடக்கமாகிவிடுகிறது. அதன்மேல் நீலத்தைப் பூசலாம், அருகே ஒரு கரையை வரையலாம், தாளை மடித்து வைத்தும் விடலாம். கடலின் முன் ஒன்றும் செய்ய இயலாத பிள்ளை, தாளின் முன் தானே தலைவன்.

இதனைத் தமிழ் வழங்கும் மண்ணிலேயே செய்துகாட்டியவர்கள் உண்டு. இலங்கையின் மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு, சேசு சபைக் குரு பால் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். போர் ஓயாத காலம் அது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்களும், சத்துருக்கொண்டானில் தமிழரும் கொல்லப்பட்டது அம்மாவட்டத்தில்தான். அத்தகைய இடத்தில் இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே பூங்காவுக்கு அழைத்துவரப்பட்டனர். வண்ணம் தீட்டினர், களிமண் பிசைந்தனர், கதை புனைந்து நடித்தனர், செடிகளையும் விலங்குகளையும் பேணினர். உடனிருந்து வழிநடத்திய இளைஞர்களும் அப்போரின் துன்பத்தை அறிந்தவர்களே. பகைவன் வீட்டுப் பிள்ளை என்று கேள்விப்பட்டவனோடு ஒரே களிமண்ணைப் பிசைவது எத்தனை மறையுரைக்கு ஈடாகும்! (மறையுரை ஆற்றும் நானே சொல்கிறேன்.)

இதற்கு முன்னோடியாக ஐரோப்பாவிலும் ஒருவர் இருந்தார். நாசிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமுக்கு 1942 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட ஃபிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், அங்கிருந்த குழந்தைகளுக்கு மறைவாக ஓவியம் கற்பித்தார். படத்தில் தங்கள் பெயரை எழுதும்படி அவர்களிடம் சொல்வாராம். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார். அவர் இரண்டு பெட்டிகளில் விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராகா நகர யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, இத்தகைய பிள்ளை வரையும்போது அருகில் அமர்ந்திருங்கள். "இது என்ன?" என்று குடைய வேண்டாம். "இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா?" என்று ஒருமுறை கேட்டால் போதும். கறுப்பைக் கண்டவுடன் துயரம் என்று தீர்ப்பிடுவோர் உண்டு. கைக்கெட்டிய கோல் அது ஒன்றாகவே இருந்திருக்கலாம். அந்தப் படத்தை விருந்தினருக்குக் காட்டுவதும், விழா மலரில் அச்சிடுவதும் என் மனத்துக்கு ஒவ்வாதவை. கைப்பேசியில் பரப்புவது அதனினும் கொடிது.

மாதக்கணக்கில் ஒரே படம் மாறாமல் வந்தாலோ, உறக்கம் கெட்டாலோ, பிள்ளை விளையாட்டை வெறுத்தாலோ, நம் அன்பு மட்டும் போதாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. படத்தின் வழியாகவோ வாய்மொழியாகவோ, எவரோ தன்னிடம் தகாதபடி நடந்துகொண்டதாகப் பிள்ளை தெரிவித்தால், அதை நம்புங்கள். மீண்டும் மீண்டும் விசாரிக்காதீர்கள். சிறார் உதவி எண் 1098. காவல்துறைக்கு அறிவிப்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி நம் கடமை. குற்றம் சாட்டப்படுபவர் உறவினராயினும், ஆசிரியராயினும், என்னைப் போன்ற குருவாயினும் அது மாறாது.