வாடகை வண்டியும் ஒரு வார்ப்பட்டையும்



இலக்கணமும் செய்யுளும் பேசும் இப்பக்கத்தில் டீசல் வண்டிக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். சென்ற பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் சென்று வந்ததை ஆசிரிய நண்பர்களிடம் கூறியபோது, தாமும் இத்தகைய வண்டிகளை வாடகைக்கு எடுத்ததுண்டு என்றும் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரியாது என்றும் மூவர் கூறினர். ஆகவே எழுதுகிறேன். என் தந்தையார் தோட்டத்து லாரிகளைப் பழுது பார்த்தவர். அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் கையாளாகவே என் சனிக்கிழமைகள் கழிந்தன. என் அறிவு அங்கே பெற்றதுதான்.

வண்டி 20 ஆண்டுகளைக் கடந்த ஜப்பானிய நான்கு சக்கர இயக்க வாகனம். தேயிலைத் தோட்டத்து உறவினர் வீட்டுப் பாதை மழை பெய்தால் சேறாகிவிடும் என்பதால் எங்கள் மகிழுந்தை விட்டு இதை மூன்று நாளுக்கு எடுத்தோம். முன்பணம் 300 ரிங்கிட். நான், மனைவி, இரு பிள்ளைகள், மாமியார், வண்டியோட்டிய மைத்துனர் என ஆறு பேர். மூன்றாம் நாள் இரவு தாப்பாவில் உறவுப் பெண்ணுக்கு நலங்கு. மறுநாள் காலை திருமணம்.

முதல் குறை மறுநாள் விடியற்காலையில் தெரிந்தது. வண்டி எளிதில் உயிர் பெறவில்லை. பிறகு வெண்புகையைக் கக்கியது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது 500 பாகைக்கும் மேல் சூடேறும். அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். குளிர்ந்த இயந்திரத்தில் அச்சூடு போதாது. அதற்குத்தான் ஒவ்வோர் உருளையிலும் குளோ பிளக் என்னும் சிறு சூடேற்றி இருக்கிறது. அது கெட்டிருந்தால் டீசல் எரியாமல் வெண்புகையாக வெளியேறும். மூக்கில் பச்சை டீசல் நெடி அடிக்கும். இயந்திரம் சூடானதும் புகை நின்றுவிட்டால் பெரும்பாலும் குற்றம் அந்தச் சூடேற்றியுடையதே. இது தொல்லை, ஆபத்தன்று. விட்டுவிட்டேன்.

இரண்டாம் குறை ஏற்றத்தில். வண்டி இழுக்க மறுத்தது. காற்று வடிகட்டி அடைத்திருக்கும் என்றார் மைத்துனர். நான் பின்னால் பார்க்கச் சொன்னேன். காற்று போதாத டீசல் வண்டி கரும்புகை விடும். எங்கள் வண்டியோ புகையே இல்லாமல் சோர்ந்தது. அப்படியானால் போதாதது காற்றன்று, டீசல். எரிபொருள் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தோம். சிறிது நேரம் வைத்ததும் மேலே டீசலும் கீழே இரண்டு விரற்கடைத் தண்ணீரும் தெளிவாகப் பிரிந்தன. பாதி காலியான தொட்டியோடு நெடுநாள் நிற்கும் வண்டியில் ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து நீராகும். பீப்பாயில் சேமித்த டீசலை ஊற்றினாலும் இந்நிலை வரும். நீரை வடித்து, வடிகட்டியின் தலையிலுள்ள கைப்பம்பைக் கை கனக்கும்வரை அழுத்தி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினோம். வண்டி தேறியது. பிள்ளைகளுக்கு அந்தப் புட்டியை விட மனமில்லை. அது எங்களோடு வந்தது.

மூன்றாவதைத்தான் சொல்ல வந்தேன். கடைசி நாள் பிற்பகல் தானா ராத்தாவைக் கடந்து இறங்குகையில், பிரேக் மிதியைக் காலால் உதைக்க வேண்டியிருக்கிறது என்றார் மைத்துனர். முகப்பில் பாட்டரி விளக்கு மங்கலாகச் சிவந்திருந்தது. சூட்டு முள் பாதியைத் தாண்டி நின்றது. இறக்கத்தில் இயந்திரத்துக்கு உழைப்புக் குறைவு; முள் கீழே வந்திருக்க வேண்டும்.

ரிங்லெட்டில் நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்து தாப்பாவுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வளைவும் இறக்கமும்.

"மாமா, டீசல் வண்டின்னா பிரேக் கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். மெதுவா இறக்கிடுறேன்" என்றார் அவர். உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். "ஃபோர் வீல் போட்டு இறங்குங்க சார், நிக்கும்" என்றார். நான்கு சக்கர இயக்கம் என்பது இயந்திர விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்வது. பிரேக் எப்போதும் நான்கிலும்தான் இருக்கிறது. உதவிவிசை போய்விட்ட பிரேக்குக்கு அது எதையும் கூட்டித் தராது.

பெட்ரோல் இயந்திரம் தன் உறிஞ்சு குழாயில் வெற்றிடத்தை உண்டாக்கும். பிரேக்கின் உதவிவிசை அதிலிருந்து கிடைக்கிறது. டீசலில் காற்றைத் தடுக்கும் மூடி இல்லாததால் அந்த வெற்றிடம் இல்லை. தனியே ஒரு பம்பு வேண்டும். பல பழைய ஜப்பானிய டீசல் இயந்திரங்களில் அப்பம்பு ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டே நீர்ப்பம்பையும் சுழற்றும். பாட்டரி விளக்கு, சூட்டு முள், பிரேக் மிதி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் முறையிட்டால் மூன்று நோய்களைத் தேடக்கூடாது.

இயந்திரத்தை நிறுத்தி, மிதி கல்லாகும்வரை பலமுறை மிதிக்கச் சொன்னேன். பிறகு காலை அழுத்தியபடியே வண்டியை முடுக்கினோம். நல்ல வண்டியில் மிதி சற்றே தானாகக் கீழிறங்கும். எங்களுடையது அசையவில்லை. முன்மூடியைத் திறந்தால் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னின. கட்டைவிரலால் அழுத்தினால் தொட்டில் துணிபோல் தொய்ந்தது. இறுக்கலாம் என்றால் சரிசெய்யும் ஆணி தன் காடியின் கடைசிக்கே வந்துவிட்டிருந்தது. மாற்றியே ஆக வேண்டும்.

மாமியார் அதுவரை பேசவில்லை. "மாப்பிள்ளை, நலங்கு போனாப் போகட்டும். புள்ளைங்கள இறக்குங்க" என்றார். மைத்துனர் முகம் தொங்கிப்போனது. மணமகள் அவருடைய தோளில் வளர்ந்த பெண். அவருடைய வருத்தம் எனக்கும் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமையாதலால் பட்டறை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் அழைத்ததும் சீனப் பெரியவர் ஒருவர் வீட்டிலிருந்து வந்தார். பழைய பெல்ட்டின் எண்ணைப் படித்து, அதே அளவில் ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து வருவதற்குள் இருட்டிவிட்டது. மாட்டியவுடன் அதே சோதனையைச் செய்தோம். மிதி காலுக்கடியில் மெல்ல இறங்கியது; விளக்கும் அணைந்தது. பெல்ட்டும் கூலியும் சேர்த்து 70 ரிங்கிட். இரண்டாம் கியரில் இறங்கித் தாப்பாவை அடைந்தபோது நலங்கு முடிந்து பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். திருமணத்துக்கு அனைவரும் இருந்தோம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கையில், கேட்காமல் பெல்ட்டை மாற்றியதற்கு முன்பணத்தில் பிடித்தம் செய்வேன் என்றார் உரிமையாளர். பழைய பெல்ட்டையும் பிள்ளைகள் வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியையும் மேசைமேல் வைத்தேன். சற்று நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு 300 ரிங்கிட்டையும் எண்ணிக் கொடுத்தார். அந்த 70 ரிங்கிட்டை மட்டும் கடைசிவரை தரவில்லை.