சினத்தின் பின்னே ஓர் அச்சம்

திருவள்ளுவர் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். சினம் கொள்பவன் தன்னைத்தானே அடக்கிக்கொள்ள அது வழி காட்டும். ஆனால் நோயின் காரணமாகச் சினம் கொள்பவர் என்ன செய்வார்? அவர் எதிரே நிற்பவர்தாம் என்ன செய்ய வேண்டும்? இதை நாள்தோறும் செய்து காட்டுபவர்கள் மனநல வார்டுச் செவிலியர்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு.

என் அத்தை சமவெளியில் ஒரு மருத்துவமனையின் மனநல வார்டில் செவிலியராகப் பணிபுரிகிறார். குன்னூர் அருகே தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் எங்களோடு வாழும் பெரியப்பாவோ மனநோயாளி. யாரோ தம்மைத் திட்டுவது போல் சில நாள்களில் அவர் காதில் குரல் கேட்கும். அப்போது கத்துவார், கதவை உதைப்பார். "கட்டிப் போடுங்கள்" என்று அக்கம்பக்கத்தார் அப்பாவிடம் சொன்னதும் உண்டு.

கட்டிப் போடுவதன் கொடுமையை நம் தமிழகம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் பலரால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்துள்ளது. மருத்துவமனையில்கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் மனநல மருத்துவரின் அனுமதியோடு நோயாளியைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாக ஒருபோதும் செய்யலாகாது.

அப்படியானால் சினத்தை எதைக் கொண்டு எதிர்கொள்வது? கோடை விடுமுறைக்கு வந்த அத்தையிடம் கேட்டேன். "கோபத்தை மட்டும் பார்க்காதே கண்ணு, அது எங்கேயிருந்து வந்தது என்று பார்" என்றார்.

பெரும்பாலும் அது அச்சத்திலிருந்து வருகிறதாம். யாரோ தம்மைக் கொல்ல வருவதாக நம்புகிறவர், தம்மைக் காத்துக்கொள்ளவே கை ஓங்குகிறார். பசி, வலி, உறக்கமின்மை, எதற்கெடுத்தாலும் பிறர் அதட்டுவதால் வரும் அவமானம் ஆகியவையும் காரணங்களே. சில மருந்துகள் ஓரிடத்தில் உட்கார விடாத தவிப்பைத் தருவதும் உண்டு. அதைத் திமிர் என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சினம் பெரும்பாலும் முன்னறிவிப்போடுதான் வரும். நோயாளி குறுக்கும் நெடுக்கும் நடப்பார், கை விரல்கள் இறுக மடங்கும், குரல் உயரும். அப்போதே செவிலியர் வேடிக்கை பார்ப்பவர்களை அகற்றுவார். சற்று விலகி, வாசலை மறிக்காமல் நிற்பார். ஒருவர் மட்டுமே தாழ்ந்த குரலில், மரியாதையோடு பேசுவார். "அப்படி ஒரு குரலே இல்லை" என்று வாதாடவும் மாட்டார். "எனக்கும் கேட்கிறது" என்று பொய் சொல்லவும் மாட்டார். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்குப் பயமாக இருப்பது தெரிகிறது" என்பார். "மாத்திரையை இப்போது போடுகிறீர்களா, பத்து நிமிடம் கழித்தா?" என்று கேட்டு, முடிவை நோயாளியிடமே விடுவார். நிலைமை மீறினால் தாமும் விலகி, உதவிக்கு ஆள் அழைப்பார். அடிபடுவது சேவையாகாது!

இதையெல்லாம் அத்தை எங்கள் பாட்டிக்கும் கற்றுக் கொடுத்தார். சென்ற மார்கழியில் ஒரு மாலை பெரியப்பாவின் குரல் உயரத் தொடங்கியது. பாட்டி தொலைக்காட்சியை நிறுத்தினார். எங்களை வெளியே அனுப்பினார். "பயப்படாதே சாமி, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு பெரியப்பாவே தேநீர் கேட்டார். அன்று முதல் கட்டிப் போடும் பேச்சை அப்பா காதில் வாங்குவதே இல்லை.

மனநோயாளர்களுள் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்களுக்கு மருந்தும் வேண்டும், மதிப்பும் வேண்டும். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன், சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கினார். நோயாளரின் மறுவாழ்வுக்காக 1984இல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தோற்றுவித்தார். இன்று 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எவரும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

பெற்றோர்களே, தோழியரே! உங்கள் தெருவிலும் என் பெரியப்பாவைப் போல் ஒருவர் இருக்கலாம். அவரைக் கண்டு கதவடைக்கும் முன், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று ஒரு கணம் எண்ணுங்கள். நானோ, அத்தையைப் போல் மனநலச் செவிலியராக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

– பத்தாம் வகுப்பு மாணவி